தங்கவயலில் தலைக்கு மேல் ஒரு கூரை



ஆண்டு விழா மலர்தோறும் நம் தங்கவயலின் பொன் வரலாறு எழுதப்பெற்று வருகின்றது. பூமிக்குள் 3,000 மீட்டருக்கும் ஆழமாகச் சென்ற சாம்பியன் ரீப் சுரங்கத்தையும், 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து கம்பி வழி வந்த மின்சாரத்தையும், 120 ஆண்டுகளில் வெளிவந்த 800 டன்னுக்கு மேற்பட்ட பொன்னையும் நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். ஆனால், அப்பொன்னை எடுத்தவன் இரவில் எங்கே படுத்தான், அவன் மனைவி எங்கே அடுப்பு மூட்டினாள், அந்த வீட்டிற்குப் பணம் தந்தவர் யார் என்று வினவினால் மறுமொழி எளிதில் வாராது. அவ்வினாவையே இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டோம்.

நாம் வரலாற்றுப் புலவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலில் எழுத்தராய் அமர்ந்தவர். வரவும் செலவும் எந்த இடத்தில் நேராகவில்லை என்று ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது எம் தொழில். அந்தக் கண்கொண்டே ஈண்டு வீட்டு வரலாற்றையும் நோக்குகின்றோம்.

தட்டி வீட்டுக் காலம்

1880-ஆம் ஆண்டினை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கப் பொறுப்பை ஏற்றனர். அதன்பின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கூட்டங்கூட்டமாய் வந்தனர். அவருள் பெரும்பாலோர் ஊரில் ஒரு முழ நிலமும் இல்லாத ஆதிதிராவிடப் பெருமக்கள். மூட்டையோடும் பிள்ளையோடும் நடந்து வந்தோர் முன்னவர். 1894-ஆம் ஆண்டில் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை 10 மைல் இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர் வண்டியேறி வந்தோர் பின்னவர்.

வந்தவர்க்குக் கிடைத்தது தட்டி வீடு. மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டியே சுவர். மழை பெய்தால் உள்ளே ஓடை. காற்றடித்தால் சயனைடு மேட்டுத் தூசு சோற்றில். வரிசை வரிசையாய் அமைந்தமையால் அவற்றுக்கு 'லைன்' என்று பெயராயிற்று. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கே 38,204 பேர் வாழ்ந்தனர். மேட்டின் மேல் துரைமார் பங்களாக்களும், தோட்டமும், கிளப்பும். பள்ளத்தில் தட்டி வீடுகள். ஒரே பொன் இரு வகைக் கூரையை ஈன்றது.

கம்பெனி வீடு தந்தது அறத்தின்பாற்பட்டதன்று, தொழிலின்பாற்பட்டதே. சங்கு ஊதியவுடன் குழிவாயிலில் ஆள் நிற்க வேண்டுமாயின், ஆள் அருகில் உறங்க வேண்டும். ஆகவே வீடு என்பது மண்வெட்டி, உளி, விளக்குப் போல ஒரு கருவியாகவே எண்ணப்பட்டது. இதனை நாம் மறத்தலாகாது. பின்னே வந்த இடர்களுக்கெல்லாம் இதுவே வேர்.

அரசு கண் திறந்த கதை

ஏழை வீட்டின் மேல் அரசுகளின் பார்வை விழுந்ததற்கு இரக்கம் மட்டும் காரணமன்று, அச்சமும் காரணம். 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. 1898-ஆம் ஆண்டில் அந்நகரைச் சீர்திருத்த ஒரு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் பெங்களூரிலும் பிளேக் வந்தது. நெருக்கமான குடிசையில் பிறந்த நோய் பங்களாவின் வாயிலையும் தட்டும் என்பதை அக்காலத்து ஆட்சியாளர் உணர்ந்தனர்.

அந்நாளில் தங்கவயலின் நெருக்கத்தைக் குறைக்க மைசூர் அரசு ஒரு புதிய ஊரை அளந்து அமைத்தது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு இராபர்ட்சன் பெயரால் அது இராபர்ட்சன்பேட்டை ஆயிற்று. நேரான தெருவும் சதுரமான மனையும் அங்கே உண்டு. பொதுப் பொருள் இங்குத் தொழிலாளியின் இருப்பிடத்தை எண்ணிச் செலவிடப்பட்டது அப்போதுதான் எனலாம்.

அப்பொதுப் பொருள் எங்கிருந்து வந்தது? எடுக்கப்படும் பொன்னின் மதிப்பில் நூற்றுக்கு 5 விழுக்காடு மைசூர் அரசுக்கு உரிமைத் தொகையாகச் சென்றது. அவ்வரசின் வருவாயில் அது சிறியதன்று. ஆகவே அரசு நமக்கு வீட்டிற்கென ஒரு ரூபாய் தந்தபோது, அது பிச்சையுமன்று, கொடையுமன்று. நம் பாட்டன் குழியிலிருந்து மேலே அனுப்பிய பொன்னே சுற்றி வந்து செங்கல்லாயிற்று. இக்கணக்கை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதல் வேண்டும்.

நிலக்கரிக்கு உண்டு, பொன்னுக்கு இல்லை

பெருந்தலைவர் டாக்டர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை இந்திய அரசின் தொழிலாளர் துறை உறுப்பினராய் இருந்தார் என்பது யாவரும் அறிந்ததே. 1943-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் தன்பாத்துக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் வீடுகளையும் கண்டார். 1944-ஆம் ஆண்டில் நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் பிறந்தது. 1947-ஆம் ஆண்டில் அது முழுச் சட்டமாகி, வீட்டிற்கெனத் தனிக் கணக்கும் பெற்றது. 1946-ஆம் ஆண்டில் அபிரகச் சுரங்கத் தொழிலாளர்க்கும் ஒரு நிதி வந்தது.

இந்நிதியின் முறை எளியது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் சில அணா வரி. அதனைச் சரக்குக் கட்டணத்தோடு சேர்த்துத் தண்டிக் கொடுத்தது எம் இருப்புப்பாதைத் துறையே. பொருளை வாங்குவோர் செலுத்தும் சிறு தொகை, பொருளை எடுப்போனின் வீடாக மாறும். முதலாளியின் மனமிரங்கலை எதிர்நோக்கி நிற்க வேண்டுவதில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் மீதம் உண்டோ என்று காத்திருக்கவும் வேண்டுவதில்லை.

பொன்னுக்கு ஏன் இத்தகைய நிதி வரவில்லை? தங்கவயல் அன்று மன்னராட்சிக்குட்பட்ட மைசூர் நாட்டில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் ஜோலார்ப்பேட்டையைக் கடந்து தானே இங்கு வந்துவிடாது. நாடு விடுதலை பெற்று, எல்லைகள் மறைந்த பின்னரும், 1961-ஆம் ஆண்டில் இரும்புத் தாதுக்கும், 1972-ஆம் ஆண்டில் சுண்ணாம்புக் கல்லுக்கும் நலநிதிச் சட்டங்கள் வந்தன, பொன்னுக்கு வரவில்லை. கரியைத் தோண்டியவனுக்குக் கிடைத்தது கனகத்தைத் தோண்டியவனுக்குக் கிடைக்கவில்லை. எம் ஏட்டில் நேராகாத முதற் கணக்கு இதுவே.

1952-ஆம் ஆண்டும் 1954-ஆம் ஆண்டும்

விடுதலைக்குப்பின் இந்திய அரசு 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில் மானியத்துடன் கூடிய தொழிலாளர் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளரோடு, தனி நிதியுள்ள நிலக்கரி, அபிரகம் நீங்கலான பிற சுரங்கத் தொழிலாளரும் அதனுள் அடங்குவர். ஆகவே ஏட்டளவில் நம்மவர்க்கும் அதில் இடம் உண்டு. மாநில அரசு வீடு கட்டினால் செலவில் பாதி மானியம், பாதி கடன். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கட்டினால் மானியம் நூற்றுக்கு 25. அதற்கு மேல் ஒரு பகுதி கடன். எஞ்சியது அவர்தம் பொறுப்பு.

திட்டம் நல்லது. ஆயினும் நாடெங்கும் முதலாளிமார் இதனைப் பெரிதும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கையிலிருந்து மூன்றிலொரு பங்குக்கு மேல் போட்டு, இலாபம் தாராத வீட்டைக் கட்ட எந்த வாணிகன் முந்துவான்? கூட்டுறவுச் சங்கங்களுக்கோ மனை இல்லை. மனை வாங்கத் தொழிலாளியிடம் பணமில்லை.

1954-ஆம் ஆண்டில் குறைந்த வருவாயினர்க்கான வீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருவாய் 6,000 ரூபாய்க்கு மேற்படாதோர்க்கு வீட்டுச் செலவில் நூற்றுக்கு 80 வரை, 8,000 ரூபாய்க்கு மிகாமல் கடன். சிறு அலுவலர் பலர் இதனால் பயனடைந்தனர். ஆனால் கடனுக்கு ஈடாக நிற்பது எது? மனைதான். லைனில் வாழ்வோனுக்கு மனை ஏது? வீட்டைக் கட்டிப் பார் என்னும் பழமொழியைச் சொன்னவரும், நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே சொன்னார் போலும்!

வேலையோடு ஒட்டிய வீடு

1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் உடைமை ஆக்கியது. 1962-ஆம் ஆண்டில் அவை இந்திய அரசின் கைக்கு மாறின. 1972-ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஆக, 1956 தொடங்கி நம் வீட்டுக்காரர் அரசே ஆனார். லைன் வீடும் பொதுப் பொருளால் காக்கப்படும் வீடே ஆயிற்று. ஆனால் ஒரு விதி மாத்திரம் மாறவில்லை: வேலை உள்ளவரை வீடு, வேலை நின்றால் வீடு இல்லை. தொழிற்குடியிருப்பு எதற்கும் அதுவே விதி. எம் இரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் அதுவே. ஓய்வுபெறும் நாளில் மாலையும் மரியாதையும் பெற்று வரும் நண்பர், மறுநாளே வாடகை வீடு தேடி அலைவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

எம் பாட்டனார் சுரங்கத் தொழிலாளி. அவர் காலமானபோது எம் தந்தையார்க்குப் படிப்பில் ஆர்வம் மிகுதி. ஆசிரியராக வேண்டும் என்னும் விருப்பமும் இருந்ததாம். ஆனால் வீட்டில் பாட்டியாரும் தங்கையர் மூவரும். தந்தையார் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுக் குழியில் இறங்கினார். கூலிக்காக மட்டும் இறங்கினார் என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். முதுமையில் ஒரு நாள் திண்ணையில் அமர்ந்து, "கூலி வேறு எங்கும் கிடைத்திருக்கும், தம்பி; வீடு கிடைத்திருக்காது" என்றார். லைன்களில் மகன் தந்தையின் தொழிலையே மேற்கொண்டதற்குக் குலவழக்கம் காரணம் என்று கூறுவாரும் உளர். கூரையே காரணம் என்பது எம் கருத்து.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று விதி தலைகீழாயிற்று. வேலை போயிற்று, ஆனால் மக்கள் போகவில்லை. எங்கே போவது? மூன்று தலைமுறைக்கு முன் விட்டு வந்த ஊரில் நம்மை அறிவார் எவர்? அன்று முதல், வாழும் வீட்டை எமக்கே உரிமையாக்குக என்னும் வேண்டுகை லைன்தோறும் எழுந்தது; முறையீடுகளும் வழக்குகளும் தொடர்ந்தன. சுரங்கம் இந்திய அரசின் நிறுவனத்தது. மண்ணோடு மாநில அரசின் பெயரும் பிணைந்துள்ளது. இரு பெரியோர் நடுவே நிற்கும் பிள்ளையின் நிலைமையே நம்முடையது.

சீசன் சீட்டு என்னும் வீட்டு மானியம்

இனி எம் தொழிலைச் சார்ந்த ஒரு செய்தி. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில் நம் இளைஞரும் பெண்டிரும் நெருக்கியடித்துக்கொண்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அப்பாலுள்ள பெங்களூருக்குச் சென்று, இரவில் மீள்கின்றனர். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் வண்டியிலேயே கழிகின்றது. பெங்களூரிலேயே தங்கிவிடலாகாதோ என்று கேட்போர் உண்டு. அங்கே ஓர் அறைக்குக் கேட்கும் முன்பணத்தையும் வாடகையையும் கொடுத்தால் சோற்றுக்கு என்ன மிஞ்சும்? வீடு இங்கே, வேலை அங்கே. இரண்டையும் இணைப்பது சீசன் சீட்டு. நாள்தோறும் தனிச்சீட்டு வாங்கினால் ஆகும் தொகையின் ஒரு சிறு பகுதிக்கே அது கிடைக்கின்றது. மீதியை இருப்புப்பாதை தாங்குகின்றது. பெயரில் அது பயணச் சலுகை. பயனில் அது வீட்டு மானியமே.

இது நம் கற்பனையன்று. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மலிவு வண்டிச் சட்டம் என ஒன்று வந்தது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்துக்குப் பயணவரியை அரசு விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாகக் கம்பெனிகள் தொழிலாளர்க்கென மலிவு வண்டிகளை விட வேண்டும். இலண்டனின் நெருக்கடிச் சேரியை விட்டு ஏழைகள் புறநகரில் குடியிருக்க வழி செய்வதே அதன் நோக்கங்களுள் ஒன்று. வீட்டிற்குச் செய்யும் உதவி செங்கல்லாகவே வரவேண்டுமென்பதில்லை, தண்டவாளமாகவும் வரும். எனவே காலை வண்டியைக் காப்பதும் வீட்டைக் காப்பதும் ஒன்றே என்று உணர்வோமாக.

கடல் கடந்த நம்மவர்

நம்மைப் போன்றே இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரும் வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். நாம் லைன் என்பதை அவர் லயம் என்பர். சொல்லும் ஒன்று, துயரும் ஒன்று. அங்கே இந்திய அரசின் உதவியால் 4,000 தனி வீடுகள் கட்டும் பணி 2016-ஆம் ஆண்டில் தொடங்கிற்று; மேலும் 10,000 வீடுகள் 2017-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. அங்குக் குறிக்கத்தக்கது, வீட்டோடு 7 பேர்ச் நிலமும் வழங்குவது என்னும் ஏற்பாடு; அஃதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வேண்டுவோர் அனைவர்க்கும் அது கிட்டிவிடவில்லை. எனினும், கூரையும் மண்ணும் சேர்ந்தே வரவேண்டும் என்னும் முறை அங்கே ஏற்கப்பட்டது.

சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. 1964-ஆம் ஆண்டில் அடுக்கு வீடுகளைக் குடியிருப்போர்க்கு விற்கத் தொடங்கினர். 1968-ஆம் ஆண்டில் தொழிலாளியின் சேமநிதியிலிருந்தே வீட்டு விலையைச் செலுத்தலாம் என்றாயிற்று. உரிமை 99 ஆண்டுக் குத்தகையே. ஆயினும் வேலை மாறினால் வீடு மாறாது. தமிழ்க் குடும்பங்கள் பல அவ்வாறே வீட்டுக்காரர் ஆயின.

சீட்டு வேண்டும்

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டில் பிரதமர் வீட்டுத் திட்டம் நகரங்களில் தொடங்கிற்று. ஆண்டு வருவாய் 3 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பம், தன் மனையில் தானே வீடு கட்ட இந்திய அரசு ஒன்றரை இலட்சம் ரூபாய் தருகின்றது. 2024-ஆம் ஆண்டில் இரண்டாம் கட்டமும் தொடங்கியுள்ளது. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருத்தல் வேண்டும் என்பது அதன் சிறப்பு.

எம் தெருவில் வாழும் ஒரு மூதாட்டியார், சுவர் வெடித்து ஓடு சரிந்த வீட்டிற்கு உதவி கேட்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றார். துணையாக நாமும் சென்றோம். விண்ணப்பம் நன்றாக எழுதியிருந்தோம், எழுத்தர் தொழிலாயிற்றே! எதிரே இருந்தவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "மனை யார் பெயரில்?" என்று ஒரே வினாவைக் கேட்டார். நாற்பது ஆண்டு வாசலில் கோலமிட்ட அம்மையார் எம் முகத்தைப் பார்த்தார். எம்மிடம் விடை இல்லை.

அவர் கேட்டது தவறன்று. பிறர் நிலத்தின் மேல் பொதுப் பணத்தால் வீடு கட்டினால், நிலத்துக்குரியவர் அதனை எடுத்துக்கொள்வார். ஏழைக்கு வந்த உதவி மீண்டும் வலியவன் கைக்கே போகும். ஆகவே திட்டம் சீட்டைக் கேட்கின்றது. ஆனால் 1954-ஆம் ஆண்டின் கடனும் மனையையே கேட்டது. 2015-ஆம் ஆண்டின் மானியமும் மனையையே கேட்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே 60 ஆண்டுகள் சென்றன. கூரைக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. கூரை நிற்க வேண்டிய மண்ணுக்குப் பெயர் எழுதப்படவில்லை. இதுவே எம் ஏட்டில் நேராகாத இரண்டாம் கணக்கு, பெருங்கணக்கும் இதுவே. வீட்டு உதவி என்பது முதலில் ஹக்குப் பத்திரமாக வரவேண்டும். பணம் அதன்பின் வரின் நிற்கும். முன்னே வரின் வழிந்தோடும்.

நாம் செய்ய வேண்டுவது

அரசைக் கேட்பது ஒருபுறம் இருக்க, நம் கையிலுள்ள கடமைகளும் சில உள. பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பாட்டனார் வேலையில் சேர்ந்த ஆணை, வீடு ஒதுக்கிய சீட்டு, வாடகை பிடித்த சம்பளச் சீட்டு, மின்கட்டண இரசீது, ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இவற்றைக் கறையான் தின்னவிடாதீர்கள். பொன் எடுத்த கைகள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் இத்தாள்களே. படியெடுத்து உறவினர் வீட்டிலும் ஒரு கட்டு வையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருப்பின் இப்பொழுதே திருத்துங்கள். "முனிசாமி" ஒரு தாளிலும் "முனுசாமி" மறுதாளிலும் இருந்தால் இருவேறு ஆள் எனக் கொள்ளும் அலுவலகங்கள் உண்டு. கன்னடத்தில் எழுதிய தாளைப் படித்து அறியாமல் கையொப்பமிடாதீர்கள். நம் பிள்ளைகள் கன்னடம் நன்கு கற்றவர், அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறன்று நம் கட்டடத்தில் தாள் பார்க்கும் நாள் ஒன்றை வைத்தால் நலம். எழுதத் தெரிந்தோர் நால்வர் அமர்ந்தால் போதும். எம் பேனாவும் அங்கு வரும். பட்டிமன்றமும் நாடகமும் தமிழ்த்தொண்டு என்பதில் ஐயமில்லை. கைம்பெண் ஒருத்தியின் விண்ணப்பத்தைப் பிழையின்றி எழுதித் தருவதும் தமிழ்த்தொண்டே.

எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும் என்பர் நம் பெரியோர். மலையைக் குடைந்து 3,000 மீட்டர் வளை தோண்டிய மக்கள் நாம். அவ்வளையில் ஓரடியும் நமதாகவில்லை. மேலே உள்ள இச்சிறு வளையேனும் நம் பிள்ளைகளின் பெயரில் எழுதப்படும் நாள் வருக. அந்நாளில் அம்மூதாட்டியார் மீண்டும் அந்த அலுவலகம் செல்வார். "மனை யார் பெயரில்?" என்னும் வினாவிற்குத் தாமே விடை கூறுவார். அருகில் நின்று அதனைக் கேட்க நாம் விழைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!